தலையில் ஏறியது காலுக்கு இறங்க வேண்டாமா?

நீங்கள் கேட்ட கேள்வி இதுதான். அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் ஆடுகிறவர்களுக்கு முழுநேர வேலையே அமெரிக்கன் ஃபுட்பால்தான். லட்சக்கணக்கான டாலர் சம்பளம், காலையிலிருந்து மாலை வரை மீட்டிங், வீடியோ, பயிற்சி. அப்படியிருந்தும் "எங்க டிஃபென்ஸ் பிளேபுக் ரொம்பச் சிக்கல்" (எதிராளி பந்தோடு வரும்போது யார் எங்கே நிற்க, என்ன செய்ய என்று எழுதிவைத்த திட்டப் புத்தகம்) என்று அவ்வப்போது யாராவது முனகுகிறார்களே, இது நிஜமான கஷ்டமா, இல்லை தோற்ற பிறகு சொல்லும் சால்ஜாப்பா?

நிஜம்தான். ஆனால் பலர் நினைப்பது போல மனப்பாடம் ஆகாததல்ல கஷ்டம். இந்த ஆட்டக்காரர்களை வகுப்பறையில் உட்கார வைத்துக் கேளுங்கள், ஒவ்வொரு கவரேஜிலும் (பாஸைத் தடுக்க யார் யாரைக் காப்பது என்ற ஏற்பாடு) தன் வேலை என்ன, பக்கத்து ஆளின் வேலை என்ன என்று போர்டில் கடகடவென்று எழுதிக் காட்டிவிடுவார்கள். தலையில் ஏறிவிடுகிறது. அது காலுக்கு இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதுவும் ஒருவர் காலுக்கு அல்ல, பதினொரு பேர் காலுக்கும் ஒரே நேரத்தில்.

ஒரே ஒரு பந்து என்ன ஆகிறது என்று பார்ப்போம். முந்தைய பந்து முடிந்ததும் 40 விநாடி கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. டிஃபென்ஸில் ஒரே ஒருவருடைய ஹெல்மெட்டில்தான் ரேடியோ இருக்கும், பெரும்பாலும் நடு லைன்பேக்கர் (முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்), பின்பக்கம் பச்சைப் பொட்டு ஒட்டியிருக்கும். (இந்த வசதி டிஃபென்ஸுக்கு வந்ததே 2008-ல்தான், அட்டாக் பண்ணும் பக்கத்தில் பந்தை எறியும் குவாட்டர்பேக்குக்கு 1994-லேயே கொடுத்துவிட்டார்கள்.) கடிகாரத்தில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது ரேடியோ கட். அதற்குள் கோச் சொன்னதை அவர் மற்ற பத்துப் பேருக்கும் கத்திச் சொல்ல வேண்டும், எழுபதாயிரம் பேர் இரைச்சலில்.

சரி, சொல்லியாயிற்று. 'குவாட்டர்ஸ்' என்று ஒரு கவரேஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் பாஸைப் பிடிக்க ஓடும் ரிசீவர் இரண்டு பேர் நின்றால், உட்பக்கம் நிற்பவன் நேராக ஆழத்துக்கு ஓடினால் அவன் சேஃப்டியின் (கடைசி வரிசைக் காவல்) ஆள், வெளியே நிற்பவன் கார்னர்பேக்கின் (ஓரத்துக் காவல்) ஆள். உட்பக்கத்தான் ஐந்தாறு யார்டிலேயே ஓரமாகத் திரும்பிவிட்டால் சேஃப்டி அவனை லைன்பேக்கரிடம் விட்டுவிட்டு, வெளியாளை மடக்கக் கார்னருக்கு உதவியாகப் போக வேண்டும். ஒரு பக்கம் மூன்று பேர் நின்றால் விதி வேறு, அப்போது எதிர்ப்பக்கத்து சேஃப்டி அந்த மூன்றாவது ஆள் மேல் ஒரு கண் வைக்க வேண்டும். இதுவரை புரிந்ததா? இப்போது ஸ்னாப்புக்கு, அதாவது பந்து நகரும் நொடிக்கு, ஒன்றரை விநாடி முன்னால் அந்த மூன்று பேரில் ஒருவன் இந்தப் பக்கத்துக்கு ஓடி வருகிறான். மூன்று பேர் விதி காலாவதி, பழையபடி இரண்டுக்கு இரண்டு. சேஃப்டி அதைக் கவனித்து "மாத்து" என்று கை காட்டிவிட்டார், ஆனால் கார்னர் அந்தக் கையைப் பார்க்கவில்லை. அவ்வளவுதான், ஒருத்தன் தனியாக, பத்து யார்டு சுற்றளவில் யாருமே இல்லாமல் ஓடுகிறான், பந்து அவன் கையில், டச்டவுன். டிவியில் பார்த்திருப்பீர்கள், இரண்டு ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து உள்ளங்கையை விரித்துக்கொண்டு நிற்பார்கள். இருவருக்கும் விதி தெரியும், தனித்தனியாகத் தேர்வு வைத்தால் இருவருமே நூற்றுக்கு நூறு. கபடியில் கவர் ஆள் முந்திக்கொண்டு பாய, கார்னர் ஆள் இன்னும் காத்திருக்க, நடுவில் ரெய்டர் கோட்டைத் தொட்டுவிட்டுப் போவானே, அதே கதை.

இது பெரிய சேதம், எல்லோர் கண்ணுக்கும் தெரியும். கண்ணுக்குத் தெரியாத சேதம் இன்னொன்று உண்டு, என்னைக் கேட்டால் அதுதான் அதிகம்: அரை அடி தயக்கம். சரியான இடத்துக்குத்தான் போகிறான், ஆனால் யோசித்துவிட்டுப் போகிறான். இந்த மட்டத்தில் அரை அடி என்பது குவாட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்துவதற்கும் பந்து போன பிறகு அவர் மேல் மோதுவதற்கும் உள்ள வித்தியாசம்.

இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் 2015 பஃபலோ பில்ஸ். 2014-ல் ஜிம் ஷ்வார்ட்ஸ் அந்த டிஃபென்ஸை நடத்தினார். முன்வரிசை நான்கு பேரும் பந்து நகர்ந்ததும் குவாட்டர்பேக்கைப் பார்த்துப் பாய வேண்டும், அதிகம் யோசிக்கக் கூடாது. அந்த வருடம் 54 சாக் (குவாட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்துவது), லீக்கிலேயே முதலிடம். அடுத்த வருடம் ரெக்ஸ் ரையன் தலைமைக் கோச்சாக வந்தார், அவருடைய பிளேபுக் தடிமனானது, நிறைய வேஷம், நிறைய மாற்றம், பாய வேண்டிய ஆள் சில சமயம் பின்வாங்கி பாஸ் கவரேஜுக்குப் போக வேண்டும். 54 சாக் 21 ஆகிவிட்டது. முன்வரிசை ஆள் மாரியோ வில்லியம்ஸ் தனியாகவே 14.5 எடுத்தவர், 5-க்கு இறங்கினார், வெளிப்படையாகவே புலம்பினார். கோச்சின் கட்டளை கடைசி நொடியில் வருகிறது, ஆட்கள் நிற்க இடம் தேடிக்கொண்டிருக்கும்போதே பந்து நகர்ந்துவிடுகிறது என்று மற்றவர்களும் சொன்னார்கள். இன்னொரு முன்வரிசை ஆள் கைல் வில்லியம்ஸ் காயத்தால் பாதிக்கு மேல் ஆடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும், மொத்தப் பழியையும் புத்தகத்தின் மேல் போடுவது நியாயமில்லை. ஆனாலும் ஏறக்குறைய அதே ஆட்கள், ஒரே வருடம், பாதிக்கும் கீழே. ஷ்வார்ட்ஸ் அவர்களை ஓடவிட்டார், ரையன் அவர்களை யோசிக்கவிட்டார் என்றுதான் நான் படிக்கிறேன்.

இங்கேதான் சிலர் "ஆக, எளிமைதான் நல்லது" என்று முடித்துக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். பொறுங்கள். இதே ரெக்ஸ் ரையன் 2009-ல் நியூயார்க் ஜெட்ஸுக்குப் போன முதல் வருடமே எதிராளிக்கு விட்டுக்கொடுத்த யார்டு கணக்கிலும் பாயிண்ட் கணக்கிலும் லீக்கின் முதல் டிஃபென்ஸைக் கொடுத்தார். அதே தடிமன் புத்தகம். வித்தியாசம் என்னவென்றால், பால்டிமோர் ரேவன்ஸில் அந்தப் புத்தகத்தை ஏற்கெனவே ஆடிப் பழகிய இருவரைக் கையோடு கூட்டி வந்தார், லைன்பேக்கர் பார்ட் ஸ்காட், சேஃப்டி ஜிம் லெனர்ட். ஒருவர் முன்வரிசைக்குப் பின்னால், இன்னொருவர் கடைசி வரிசையில். கோச் மீட்டிங்கில் பத்து முறை சொல்வதைவிட மைதானத்தில் ஒரு ஆள் பக்கத்தில் நின்று "நீ அங்கே போ" என்று தோளைத் தள்ளுவது சீக்கிரம் வேலை செய்யும். லெனர்ட் உயரமும் இல்லை, பெரிய வேகமும் இல்லை, ஆனால் எல்லோருக்கும் முன்னால் விஷயம் புரிந்துவிடும் ஆள். அப்படி ஒருவர் இருந்தால் புத்தகம் மெலிந்துவிடுகிறது.

இன்னொரு டிஃபென்ஸ் கோச் ஸ்டீவ் ஸ்பாக்னுவோலோவின் கதை இதைவிட வேடிக்கை. 2007-ல் நியூயார்க் ஜயண்ட்ஸ் டிஃபென்ஸை வைத்து, அதுவரை 18 ஆட்டத்தில் தோல்வியே காணாத நியூ இங்கிலாந்தை சீசனின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் 17-14 என்று மடக்கியவர். 2012-ல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸில் அதே மனிதர், அந்த சீசனில் அவர் டிஃபென்ஸ் விட்டுக்கொடுத்தது 7,042 யார்டு, என்எஃப்எல் வரலாற்றிலேயே அதிகம். ஒரே வருடத்தில் வேலை போயிற்று. பிறகு 2019-ல் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ், அந்த வருடமே சூப்பர் பௌல். 2022-ல் கார்னர், சேஃப்டி இடங்களில் மட்டுமே ட்ரென்ட் மெக்டஃபி, ஜெய்லன் வாட்சன், ஜோஷுவா வில்லியம்ஸ், பிரையன் குக் என்று நான்கு புதுமுகங்களை வைத்துக்கொண்டு மறுபடியும் சூப்பர் பௌல். லீக்கிலேயே கஷ்டமான சிஸ்டங்களில் ஒன்று என்று பேர்பெற்றது, அதை முதல் வருடப் பையன்கள் ஆடினார்கள்! அப்படியானால் செயின்ட்ஸில் என்ன ஆயிற்று? அங்கே தலைமைக் கோச் ஷான் பேட்டன் அந்த சீசன் முழுக்க சஸ்பென்ஷனில், ஏற்கெனவே வேறு சிஸ்டத்துக்காகச் சேர்த்த ஆட்கள், புது ஆசிரியர், முதல் வருடம். கான்சாஸ் சிட்டியிலோ 2022 வரும்போது அவர் நான்காவது வருடத்தில் இருந்தார், புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஜஸ்டின் ரீட் மாதிரி அனுபவசாலி சேஃப்டி இருந்தார், சரியாக வராவிட்டாலும் தாங்கிப் பிடிக்க மறுபக்கம் அவர்களுடைய குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் பாயிண்ட் சேர்த்துக்கொண்டிருந்தார். கற்றுக்கொள்ளும் காலத்தில் தோற்காமல் இருப்பது ஒரு பெரிய வசதி, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

சிக்கலான பிளேபுக் என்பது வட்டிக்கு வாங்கிய கடன் மாதிரி. திருப்பிக் கட்ட வேண்டியது நேரத்தில். அந்த நேரம்தான் இப்போது குறைந்துவிட்டது.

2011-ல் ஓனர்களுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் ஏற்பட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு பயிற்சிக்கு ஏகப்பட்ட வரம்பு. கோடைக்காலத்தில் ஒரே நாளில் இரண்டு முறை முழுக் கவசத்தோடு மோதிப் பழகுவது போயிற்று. சீசன் முழுவதிலும் கவசப் பயிற்சி 14 நாள்தான். உடம்புக்கு இது நல்லது, அதில் மறுபேச்சில்லை, அந்த ஒப்பந்தத்தைக் குறை சொல்லவும் இல்லை. ஆனால் 1990-களில் எழுதிய அளவு புத்தகத்தை இந்த நேரத்துக்குள் திணிக்கப் பார்த்தால் பிதுங்கும். போதாததற்கு 53 பேர் பட்டியலில் வாராவாரம் காயம், செவ்வாய்க்கிழமை கையெழுத்துப் போட்டு வந்தவர் ஞாயிற்றுக்கிழமை ஆட வேண்டியிருக்கும். முந்தைய டீமில் 'வலது' என்று பொருள்பட்ட வார்த்தை இங்கே வேறு எதையோ குறிக்கும். புதிதாகக் கற்பது சுலபம், பழையதை மறப்பதுதான் பாடு.

இவ்வளவு குறைந்த நேரத்தில் என்ன செய்யலாம் என்பதை அந்த 2011-ஆம் வருடமே ஒருவர் செய்து காட்டினார். லாக்அவுட் (ஒப்பந்தத் தகராறில் ஓனர்கள் போட்ட கதவடைப்பு) காரணமாக வசந்தகாலப் பயிற்சியே கிடையாது, ஜூலைக் கடைசியில்தான் கோச்சும் ஆட்டக்காரரும் ஒரே அறையில் உட்கார முடிந்தது. அந்த நேரம் பார்த்து ஹூஸ்டன் டெக்ஸன்ஸுக்குப் புது டிஃபென்ஸ் கோஆர்டினேட்டராக வந்தவர் வேட் ஃபிலிப்ஸ். முந்தைய வருடம் யார்டு கணக்கில் 30-ஆவது இடம், அவர் வந்ததும் 2-ஆவது. ஜே.ஜே. வாட் புதிதாக வந்தார், ஜொனதன் ஜோசஃப் என்ற நல்ல கார்னரை வாங்கினார்கள், அதெல்லாம் சரிதான். ஆனால் ஃபிலிப்ஸின் வழக்கமே அதுதான்: ஒவ்வொரு ஆளுக்கும் எது நன்றாக வருமோ அதை மட்டும் கேட்பது, பழைய வார்த்தைகளை முடிந்தவரை மாற்றாமல் வைப்பது. 2015-ல் டென்வருக்குப் போய் அங்கேயும் முதல் வருடமே லீக்கின் முதல் டிஃபென்ஸ், சூப்பர் பௌல். இத்தனைக்கும் அந்த மனிதரை யாரும் மேதை என்று கூப்பிட்டதாக நினைவில்லை. சிக்கலாக எழுதுகிறவருக்குத்தான் அந்தப் பட்டம் கிடைக்கும், என்ன செய்வது.

எளிமைக்கும் ஒரு எல்லை உண்டு. சியாட்டிலின் புகழ்பெற்ற டிஃபென்ஸ் பெரும்பாலும் ஒரே கவரேஜை, மூன்று பேர் ஆழத்தைப் பங்கு போட்டுக் காக்கும் கவர் 3-ஐத்தான் ஆடியது. எதிராளிக்கு என்ன வரப்போகிறது என்று நன்றாகவே தெரியும். தெரிந்தும் 2012-லிருந்து 2015 வரை நான்கு வருடம் தொடர்ந்து லீக்கிலேயே குறைந்த பாயிண்ட் கொடுத்த டீம் அது. 2013 சீசனில் 606 பாயிண்ட் எடுத்து சாதனை படைத்த பெய்டன் மேனிங்கின் டென்வரை சூப்பர் பௌலில் 43-8 என்று நசுக்கினார்கள். அந்தக் காலத்தில் மற்ற டீம்கள் அங்கிருந்த கோச்சுகளைப் பிடித்துக்கொண்டு போயின. கஸ் பிராட்லி அந்த சூப்பர் பௌலுக்கு ஒரு வருடம் முன்னாலேயே, 2013 தொடக்கத்தில், ஜாக்சன்வில் போனார், 14 வெற்றி, 48 தோல்வி. புத்தகம் அதேதான், எளிமையும் அதேதான், ஆனால் நடுவில் ஏர்ல் தாமஸ் இல்லையே, ஓரத்தில் ரிச்சர்ட் ஷெர்மன் இல்லையே. எதிராளிக்குத் தெரிந்த ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்து ஜெயிக்க வேண்டுமானால் உன்னிடம் இருக்கும் ஆள் அவனைவிட மேலாக இருக்க வேண்டும். இல்லாதவன்தான் வேஷம் கட்டுகிறான்.

அப்படியென்றால் யாருக்குச் சிக்கல் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி என்று எனக்குப் படுகிறது. டிஃபென்ஸ் கோச் விக் ஃபேன்ஜியோவின் முறையைப் பாருங்கள். ஸ்னாப்புக்கு முன்னால் இரண்டு சேஃப்டியும் ஆழத்தில், எப்போதும் அதே தோற்றம். குவாட்டர்பேக்குக்கு ஒன்றும் தெரியாது. பந்து நகர்ந்த பிறகு ஒரு சேஃப்டி நகர்வார், இல்லை நகர மாட்டார், ஐந்தாறு கவரேஜ் அதே முகத்திலிருந்து பிறக்கும். தன் ஆட்களுக்குச் சின்ன மாற்றம், எதிராளிக்குப் பெரிய புதிர். பில்ஸில் நடந்தது நேர் எதிர்: எதிராளியைக் குழப்பக் கட்டிய வேஷத்தில் தானே குழம்பினார்கள்.

ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் 2023-ல் 10 வெற்றி, ஒரே தோல்வி என்று பறந்துகொண்டிருந்தது. கடைசி ஏழு ஆட்டத்தில், பிளேஆஃப் தோல்வியையும் சேர்த்து, ஆறு தோல்வி. நடுவே டிசம்பரில் டிஃபென்ஸை ஷான் டெசாயிடமிருந்து பிடுங்கி மேட் பட்ரீஷியாவிடம் கொடுத்தார்கள். ஓடும் பஸ்ஸில் டிரைவரை மாற்றிய கதை. ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கையை விரிக்கும் காட்சி அந்த டிசம்பரில் நிறையவே கிடைத்தது. அடுத்த வருடம் ஃபேன்ஜியோ வந்தார். யார்டு கணக்கில் லீக்கின் முதல் டிஃபென்ஸ், கார்னர் வரிசையில் க்வின்யன் மிச்சல், கூப்பர் டிஜீன் என இரண்டு புதுமுகங்கள். 2025 பிப்ரவரி சூப்பர் பௌலில் கான்சாஸ் சிட்டியின் மஹோம்ஸை ஆறு முறை வீழ்த்தினார்கள், ஒரு தடவைகூட பிளிட்ஸ் (வழக்கத்தைவிட அதிக ஆட்களைப் பாயவிடுவது) அனுப்பாமல், நான்கே பேர் பாய. முதல் பாதி முடியும்போது 24-0. டிஜீன் தன் 22-ஆவது பிறந்தநாளில் மஹோம்ஸின் பாஸைப் பறித்து டச்டவுன் அடித்தார்.

சால்ஜாப்பா என்று கேட்டிருந்தீர்களே, அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஜெயிக்கும்போது அதே புத்தகம் 'நுட்பமானது', தோற்கும்போது 'சிக்கலானது'. கோச் வேலை போனதும் "இப்போ எல்லாம் எளிமையாயிருச்சு, ஃப்ரீயா ஆடறோம்" என்று ஒரு பேட்டி நிச்சயம் வரும். 2015 நவம்பரில் செயின்ட்ஸ் டிஃபென்ஸிலிருந்து ராப் ரையனை (ரெக்ஸின் இரட்டைச் சகோதரர், குடும்பச் சொத்து போலிருக்கிறது) அனுப்பிவிட்டு டென்னிஸ் ஆலனிடம் கொடுத்தார்கள். ஆனாலும் அந்த சீசன் முடிவில் அந்த டிஃபென்ஸ் விட்டுக்கொடுத்த டச்டவுன் பாஸ் 45, அதுவும் லீக் சாதனை. புத்தகத்தைக் கிழித்தால் மட்டும் திறமை வந்துவிடாது.

கடைசியாக ஒருவரைப் பற்றி, ஏனென்றால் இந்தக் கேள்விக்கு அவர் வாழ்க்கையே பதில். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் ஜேம்ஸ் ஹாரிசன். 2002-ல் எந்த டீமும் டிராஃப்டில் (டீம்கள் முறைவைத்துப் புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) எடுக்காத லைன்பேக்கர். சேர்ப்பார்கள், நீக்குவார்கள், மறுபடி சேர்ப்பார்கள். ஆரம்பத்தில் பிளேபுக் அவருக்குப் பிடிபடவே இல்லை, பயிற்சியில் தன் வேலை என்னவென்று தெரியாவிட்டால் அப்படியே நின்று இரண்டு கையையும் தூக்கி, என்னை வெளியே எடுங்கள் என்று கோச்சுகளிடம் சொல்லிவிடுவார் என்று உடன் ஆடிய ஜேம்ஸ் ஃபாரியர் பின்னாளில் சொன்னார். பிட்ஸ்பர்க் டிஃபென்ஸ் கோச் டிக் லெபோவின் ஸோன் பிளிட்ஸ், யார் பாய்வார் யார் பின்வாங்குவார் என்று எதிராளிக்குத் தெரியாமல் மாற்றிக்கொண்டே இருக்கும் சிஸ்டம், அதில் புதுமுகங்கள் ஒரு வருடம் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பது சகஜம். ஹாரிசனுக்கு ஒன்று போதவில்லை. 2008-ல் லீக்கின் சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரர் விருது அவருக்கு.

2009 பிப்ரவரி 1, அரிசோனாவோடு சூப்பர் பௌல். முதல் பாதியில் 18 விநாடி மிச்சம், பந்து பிட்ஸ்பர்க் கோட்டிலிருந்து ஒரு யார்டில். லெபோ அனுப்பிய கட்டளை: பிளிட்ஸ், ஹாரிசன் பாய வேண்டும். அவர் பாய்வது போல ஒரு அடி முன்னால் வைத்தார். ஒரு யார்டிலிருந்து அரிசோனா குவாட்டர்பேக் கர்ட் வார்னர் பந்தை வைத்துக்கொண்டு நிற்க மாட்டார், சட்டென்று உட்பக்கம் எறிவார், தான் போய்ச் சேர்வதற்குள் பந்து போயிருக்கும் என்று அவருக்குப் பட்டது. புத்தகத்தை விட்டுவிட்டு உள்ளே பின்வாங்கினார். வார்னர் அவரைப் பார்க்கவில்லை. ஆன்க்வான் போல்டினுக்கு வந்த பந்து ஹாரிசன் கைக்கு வந்தது, 100 யார்டு ஓடினார், அந்தக் கனத்த உடம்போடு, நடுவில் இரண்டு மூன்று தடவை விழப் பார்த்து, கடிகாரம் பூஜ்யத்தைத் தாண்டிய பிறகும் ஓடி, எண்ட் ஸோனில் போய் விழுந்தார். விழுந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.